உத்தேசமாகப் பிறந்தவள்

ஜெயராணிக்குத் தான் பிறந்த தேதி எதுவென்று ஐம்பது வயதில்தான் தெரிய வந்தது. தெரியாமலே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆவணி மாதம் டோஹாவுக்குப் போய், மகளின் பிரசவத்தைப் பார்த்து, பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டு, பேரப்பிள்ளையை நாலு நாள் கொஞ்சிவிட்டு வந்திருப்பாள். ஆனால் சிலருக்கு ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஜெயராணி அந்த ரகம்.

பிலிமத்தலாவையில், கண்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவள் வீடு. முன்னறையில் தையல் மெஷின். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலிருந்து கல்யாணப் பிளவுஸ் வரைக்கும் தைப்பாள். தையல் ஒரு நூல் கோணிப்போனால் முழுவதையும் பிரித்து மறுபடி தைப்பாள். உடுத்துகிறவர்களே பரவாயில்லை என்றாலும் விடமாட்டாள். கணவன் ரவிகுமார் சொந்தமாக ஒரு த்ரீவீல் வைத்து ஓட்டுகிறான். ஒரே மகள் கிருஷாந்தி கல்யாணம் முடித்து, புருஷன் தினேசோடு டோஹாவில் இருக்கிறாள். இருவருக்கும் அங்கே ஒரே கம்பனியில் வேலை.

மாசி மாதம் கிருஷாந்தி நல்ல சேதி சொன்னாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தேயிலைத் தோட்டத்திலும் உண்டு, டவுனிலும் உண்டு, அதில் இவர்களுக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் ஊருக்கு வந்து பெற்றுக்கொண்டு போகிற அளவுக்குக் கம்பனி லீவு தராது, வந்தால் வேலையை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று கிருஷாந்தி சொல்லிவிட்டாள். தாய்வீடு போக முடியாதென்றால் தாய் போகட்டும் என்று குடும்பமே முடிவு செய்தது. ஜெயராணி அன்றைக்கே அலுமாரியைத் திறந்து, நைந்துபோன பருத்திச் சேலை ஒன்றை எடுத்து, பச்சைக் குழந்தைக்குச் சின்னச் சின்னச் சட்டைகள் வெட்ட ஆரம்பித்தாள்.

அவளிடம் பாஸ்போட் இருந்தது. பழனிக்கும் சமயபுரத்துக்கும் கோயில் கும்பிடப் போனபோது எடுத்தது, பத்து வருசத்துக்கு மேலாகிறது. காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும். பழைய பாஸ்போட், அடையாள அட்டை, வயதைக் காட்டும் சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தன. கொடுத்தால் காரியம் முடிந்தது.

அந்தச் சான்றிதழில்தான் அவளுக்கு மனத்தாங்கல். அது பிறப்புச் சான்றிதழ் அல்ல. பிறப்பைப் பதியாமல் விட்டுப்போன பிள்ளைகளுக்கு, ஆளைப் பார்த்து, வயதை மட்டுக்கட்டிக் கொடுப்பார்களே, அந்த உத்தேச வயதுச் சான்றிதழ். தோட்டத்தில் வளர்ந்தவர்களில் பலபேரிடம் இருப்பது அதுதான். ஜெயராணிக்கு அந்த வார்த்தையே சின்ன வயதிலிருந்து பிடிக்காது. "நான் என்னா உத்தேசமாவா பொறந்தேன்?" என்று ரவிகுமாரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவன், "நீ உத்தேசமா பொறந்ததுக்கே இவ்வளவு வாய்" என்பான்.

உண்மையில் அவள் பிறந்தது மணப்பாறையில். அதை அவள் புருஷனிடமும் மகளிடமும் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய அம்மா வீரம்மா, கம்பளைக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் பொன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். வீரம்மாவைப் பெற்றவர்கள், இந்திய வம்சாவளிக்காரரைத் திருப்பி அனுப்பும் அறுபத்துநாலு ஒப்பந்தத்தில் பெயர் கொடுத்து, கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் புருஷனோடு இங்கே. முதல் பிள்ளை உண்டானபோது, தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று, தாய்வீடு இருந்த இடத்துக்குப் போனாள். தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தால் கடலைத் தாண்டித்தானே போகவேண்டும். போய்ப் பெற்றாள், பிள்ளைக்கு ஐந்து மாதமானதும் திரும்பி வந்தாள்.

அன்றிலிருந்து பொன்னையா மகளுக்கு ஒன்றைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். யார் கேட்டாலும் இங்கேதான் பிறந்தேன் என்று சொல்லவேண்டும். இந்தியாவில் பிறந்தவள் என்று தெரிந்தால் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அது வெறும் பேச்சல்ல; பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்தவர். எழுபத்தேழு கலவரத்தில் லயத்து வீடுகள் எரிந்தபோது அவரிடமிருந்த கடதாசிகளும் எரிந்து போயின. அவரும் போய்விட்டார், வீரம்மாவும் போய்விட்டாள். பயம் மட்டும் போகவில்லை. காணி பூமி எழுதி வைப்பதுபோல அதை மகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

முன்பு கோயில் கும்பிடப் போயிருந்தபோது மணப்பாறையில் தாய்மாமன் மகனைத் தேடிப் பிடித்துப் பார்த்திருந்தாள். அவர் நல்ல மனுசர். இந்தத் தடவை அவருக்கு வாட்ஸப்பில் ஒரு வார்த்தை போட்டாள்: என் பிறப்புச் சான்றிதழ் அங்கே கிடைக்குமா? கிடைத்துவிட்டது. கூரியரில் வந்தே விட்டது. தகப்பன் பெயர் பொன்னையா, தாய் பெயர் வீரம்மா, இன்ன தேதி, இன்ன ஆஸ்பத்திரி. உத்தேசக்காரர்கள் மட்டுக்கட்டியதைவிட ஒன்றரை மாதம் மூத்தவளாக இருந்தாள். அம்மாவின் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சந்தோசத்தில் அன்று இரவு பாயாசம் வைத்தாள்.

சரி, வைத்துக்கொள், பெட்டியில் பூட்டி வைத்துக்கொள். செய்தாளா? அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைலில் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கடதாசியாக வைத்து, விண்ணப்பத்தில் பிறந்த இடம் மணப்பாறை என்று முத்து முத்தாக எழுதி எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனாள். சாமி கும்பிட்டுவிட்டு வேறு போனாள். ஐம்பது வருசம் கட்டிக் காத்த பயத்தை, ஒரு நல்ல கடதாசியைப் பார்த்த மிதப்பில் மறந்து போனாள்.

கவுண்டரில் இருந்தது ஒரு சிங்களப் பெண்பிள்ளை. கிருஷாந்தி வயதுதான் இருக்கும். பைலைத் திறந்தாள், மேலே இருந்ததைப் பார்த்தாள், பழைய பாஸ்போட்டைப் புரட்டி அதில் பிறந்த இடம் கண்டி என்று இருப்பதைப் பார்த்தாள், திரும்பவும் மேலே இருந்ததைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை, சத்தம் போடவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, இந்தியாவில் பிறந்தா பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேணும். அது இல்லாம எனக்குச் செய்ய ஏலாது."

ஜெயராணி என்னென்னவோ சொன்னாள். ஐந்து மாதக் குழந்தையாக வந்தேன் என்றாள். இங்கேதான் படித்தேன், இங்கேதான் கல்யாணம் முடித்தேன், ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டிருக்கிறேன் என்றாள். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சான்றிதழோடு வரச் சொல்லி பைலைத் திருப்பித் தந்தாள். எதிலும் எதுவும் எழுதவில்லை. அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் கேட்பதை அவள் கேட்டாள். உத்தேசத்தோடு வந்தால் ஓட்டும் போடலாம், பிளேனும் ஏறலாம், உண்மையோடு வந்தால் இன்னொன்றும் வேண்டும் என்பது ஜெயராணிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

குட்செட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் த்ரீவீலை நிறுத்திக்கொண்டு ரவிகுமார் காத்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னான்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒன்ன யாரு ஊதச் சொன்னது?"

ஜெயராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டி பேராதனை தாண்டியதும் ரவிகுமாரே ஆறுதலாகப் பேசினான். அவன் கோபக்காரன்தான், ஆனால் அவன் கோபத்துக்கு ஆயுசு குறைவு. யாரும் எதையும் பதிந்துகொள்ளவில்லை, எல்லாக் கடதாசியும் கையில்தான் இருக்கிறது. மணப்பாறைக் கடதாசியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, பழைய உத்தேசத்தோடு இன்னொரு நாள் போனால் முடிந்தது. ஒருவேளை அந்தப் பிள்ளைக்கு முகம் ஞாபகம் இருந்து கேட்டுத் தொலைத்தால்? அதற்கும் அவனிடம் வழி இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் இவள் பிறந்தாள் என்று, பிறந்ததைப் பார்த்த ஒரு வயசாளியிடம் சத்தியக்கடதாசி வாங்கிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்?

அந்த வயசாளி யார் என்பதிலும் சந்தேகமில்லை. வெள்ளைப்பாறையில் வீரம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த பாப்பம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள். வீரம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள். அவள் சொன்னால் செல்லும்.

ரவிகுமார் கண்டியில் ஒரு டைப்பிங் கடையில் சத்தியக்கடதாசியை அடித்து வாங்கிவந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பளைக்குப் போய், அங்கிருந்து மேலே தோட்டத்துக்கு ஏறினார்கள். வழியெல்லாம் ஜெயராணி ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆவணிக்குள் பாஸ்போட் வரவேண்டும், கிருஷாந்தி வலியெடுத்துப் படுக்கும்போது தான் பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்காக ஒரு பொய். புதுப் பொய்கூட இல்லை. ஐம்பது வருசப் பழைய பொய்.

பாப்பம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழும்பவில்லை.

"வாங்க, வாங்க. போன்ல வாறவுங்க இன்னிக்கி நேர்லயே வந்திருக்கீங்க."

விசயம் என்னவென்றால், கிருஷாந்தி கல்யாணத்துக்கு இவளைப் போனில் அழைத்துவிட்டார்கள். வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. அவளும் வரவில்லை. ஜெயராணி அதை மறந்தே போயிருந்தாள். பாப்பம்மா ஒரு நாளும் மறக்கவில்லை. கல்யாண அவசரத்தில் மேலே ஏறி வரமுடியாமல் போன கதையை ரவிகுமார் சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. கடைசியில் ஜெயராணி கொண்டுவந்த வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தை ஒரு தட்டில் வைத்து, காலைத் தொட்டு, தப்புத்தான் பெரியம்மா என்று சொன்ன பிறகுதான் உள்ளே கூப்பிட்டு, உட்காரக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள்.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் ரவிகுமார் விசயத்தைச் சொல்லி, கடதாசியை எடுத்து வாசித்தான். மேற்படி ஜெயராணி என்பவர் மேற்படி தோட்ட வைத்தியசாலையில் பிறந்ததை நான் நேரில் அறிவேன் என்ற இடம் வந்ததும் பாப்பம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"யாரு இங்க பொறந்தா?"

"நாந்தான் பெரியம்மா."

"நீ எங்கடி இங்க பொறந்த?"

அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுவது, பாஸ்போட்டுக்காக, என்று ரவிகுமார் விளக்கினான். பாப்பம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கீரைக் காம்பு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜெயராணியைப் பார்த்துப் பேசினாள். வீரம்மா திரும்பி வந்த அன்று பொன்னையாவோடு கம்பளை ஸ்டேசனுக்குப் போனவள் அவள்தானாம். கப்பலில் வாந்தி, ரயிலில் காய்ச்சல், இறங்கும்போது வீரம்மாவுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. ரயில் பெட்டியிலிருந்து குழந்தையைக் கை நீட்டி வாங்கியவள் பாப்பம்மா. அன்று இராத்திரி வீரம்மா எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். அங்கே பெற்றவர்களுக்கு அவளைத் திருப்பி அனுப்ப மனசே இல்லையாம். இனி எதற்கு அந்த நாட்டுக்குப் போகிறாய், புருஷன் வேண்டுமென்றால் அவன் இங்கே வரட்டும் என்று சொந்தபந்தமெல்லாம் கூடி மறித்ததாம். வீரம்மா கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பெற்றவள் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு தாயும் மகளும் சந்திக்கவே இல்லை.

ஜெயராணிக்கு இது தெரியாது. பிரசவத்துக்குப் போனாள், வந்தாள் என்று மட்டும்தான் தெரியும். வந்ததற்கு அம்மா என்ன விலை கொடுத்தாள் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"ஒங்கம்மா கடலத் தாண்டி ஒன்னத் தூக்கியாந்தது எங் கண்ணால பாத்தது," என்றாள் பாப்பம்மா. "அது நடக்கலேன்னு எப்பிடி நான் கையெழுத்து வெப்பேன்? நடந்தத எழுதிக்கிட்டு வா. எந்தக் கச்சேரி ஆபிசுக்கு வேணும்னாலும் வந்து சொல்றேன்."

ரவிகுமார் பெருமூச்சு விட்டான். ஆனால் வெறுங்கையோடு இறங்கவும் மனமில்லை. கம்பளையில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஸமீம் சேர் இருந்தார். பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், கடதாசிகளை அத்தாட்சிப்படுத்தும் சமாதான நீதவான். சத்தியக்கடதாசிக்கு அவரிடம்தான் கையெழுத்து வாங்குவதாக இருந்தது. அவரிடம் யோசனையாவது கேட்கலாம் என்றான். பாப்பம்மா, கேட்காமலே ஒரு நல்ல சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து த்ரீவீலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஸமீம் சேர் முழுவதையும் கேட்டார். அடித்து வைத்திருந்த கடதாசியை வாசித்து, மடித்து, மேசையில் தள்ளி வைத்தார். பிறகு ஜெயராணியைப் பார்த்து, நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார்.

வாய் தன்பாட்டில் "இங்கதான்" என்று தொடங்கிவிட்டது. அவ்வளவு பழக்கம். நிறுத்திக்கொண்டு, "மணப்பாறை ஆஸ்பத்திரியில, சேர்" என்றாள். எங்கே பிறந்தாய் என்று ஒரு வெளி மனிதர் கேட்டு, அந்த ஊர்ப் பெயரைத் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. ஸமீம் சேர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருசம் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. அப்பாமேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

"தங்கச்சி, பிரஜாவுரிமை இல்லாம ஈந்த இந்திய வம்சாவளி ஆக்களுக்கு எண்டு ரெண்டாயிரத்து மூணுல ஒரு சட்டம் வந்தது," என்றார் ஸமீம் சேர். "அது நீங்க எங்க பொறந்தீங்க எண்டு கேக்கல்ல. நீங்க யார்ட பிள்ள, எங்க வாழ்ந்தீங்க எண்டுதான் கேக்குது. உங்கட அப்பா அறுபத்துநாலுக்கு முந்தியே இங்க ஈந்தத சொல்ல ஆள் ஈக்குது. நீங்க வந்தத பார்த்த ஆளும் ஈக்குது. அப்புறம் எதுக்கு இந்தப் பொய்?"

எவ்வளவு நாளாகும் என்று ரவிகுமார் கேட்டான். மாதக்கணக்கில் ஆகும் என்றார் சேர். கொழும்புக்குப் போகவேண்டும், அங்கிருந்து விசாரணை கிராம சேவகருக்கு வரும், பொலிசுக்கு வரும், திரும்பப் போகும். பழைய பாஸ்போட்டில் கண்டி என்று எழுதியிருப்பதற்கும் காரணம் சொல்லவேண்டி வரும். அதில் ஏதாவது சிக்கல் வந்தாலும் வரலாம். ஆவணிக்குள் கைக்குக் கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். மற்றக் கடதாசிக்கு அவர் கையெழுத்து வைக்கமாட்டார். வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது இவர்கள் விருப்பம்.

ரவிகுமார் மனைவியைப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். குறுக்குப் பாதையில் போனால் மகளிடம் போய்ச் சேரலாம். நேர்ப் பாதையில் போனால் சேர முடியாமலே போகலாம். ஒரு நிமிசம் அவளுக்கும் அந்தக் கடதாசியை இழுத்து எடுத்துக்கொண்டு எழும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. பெற்ற மகளைவிடப் பெரிதா உண்மை? ஆனால் எதிரே பாப்பம்மா நல்ல சேலையோடு, சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன்னை ரயில் பெட்டியிலிருந்து வாங்கிய கை அந்தக் கை. அதை முன்னால் வைத்துக்கொண்டு, அம்மா அந்தக் கடலைத் தாண்டவே இல்லை என்று எழுத ஜெயராணிக்கு மனம் துணியவில்லை. கோணல் தையலைப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது.

"நடந்தத எழுதுங்க, சேர்."

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது ரவிகுமார், "புள்ளைக்கி நீயே சொல்லிரு. என்னால சொல்ல ஏலாது" என்றான்.

அன்று மாலை சொன்னாள். கிருஷாந்தி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். மற்றப் பேப்பரைக் கொடுத்தால் வரலாம்தானே என்று பிறகு கேட்டாள். கேட்கத்தான் செய்வாள். ஜெயராணி தனக்குத் தெரிந்தமட்டும் விளக்கினாள். எல்லா விளக்கத்துக்கும் அப்பால் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப எனக்கு யாரும்மா இருக்கா?"

ஜெயராணி போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று சொல்வார்களே, பொய். கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருந்தது. ரவிகுமார் அன்றைக்குச் சங்கு ஊதிய கதையை எடுக்கவில்லை. தானே சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தான்.

விண்ணப்பம் போனது. கிராம சேவகர் வந்தார். பொலிசிலிருந்து ஒருவர் வந்து, தேத்தண்ணி குடித்து, எழுதிக்கொண்டு போனார். இன்னொரு கடதாசி வேண்டும் என்று கடிதம் வந்தது; கொடுத்தார்கள். ஸமீம் சேரிடம் போகும்போதெல்லாம் ஜெயராணி இதைப்பற்றி ஏதாவது கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்படி ஒரு நாள் கேட்டதில்தான், வெளிநாட்டில் பிறக்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரு வருசத்துக்குள் நம்முடைய தூதரகத்தில் பதியவேண்டும் என்று அவர் சொன்னார். விட்டால் பிறகு அலைச்சல்தான் என்றார். ஜெயராணி அதை மனதில் முடிந்துகொண்டாள்.

ஆவணி பிறந்தது, பாதி போனது. கொழும்பிலிருந்து ஒரு சத்தமுமில்லை. ஒரு விடியற்காலை தினேஸ் வீடியோவில் கூப்பிட்டான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகத்தைக் காட்டினான். ரவிகுமார் போனைப் பிடுங்கி, யார் சாயல், யார் மூக்கு என்று கேட்டுக் கூத்தாடினான். ஜெயராணி எட்டி எட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. வாயில் வந்தது வேறு.

"மாப்பிள்ள, புள்ளய எம்பசியில பதிஞ்சிட்டீங்களா?"

"அத்தை, இப்பதான் தொப்புள்கொடி வெட்டியிருக்காங்க," என்றான் தினேஸ்.

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். தூதரகத்துக்குப் போக எந்த பஸ், என்னென்ன கடதாசி, இருவருடைய பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கிறதா என்று தினமும் விசாரணை. ஒரு நாள் கிருஷாந்திக்குப் பொறுமை போய்விட்டது. மற்ற அம்மாமார் பிள்ளை பால் குடித்ததா, தூங்கியதா என்று கேட்பார்கள், நீங்கள் பொலிஸ்காரர் மாதிரிக் கேட்கிறீர்கள் என்று வெடித்தாள். நீங்கள் வந்திருந்தால் இதையெல்லாம் நீங்களே பார்த்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டாள்.

ஜெயராணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபப்படவில்லை.

"அம்மாயி கடல் தாண்டிப் போய் என்னப் பெத்துட்டு வந்தா. எனக்காக ஒரு ஆபிசுல போய் நிக்கிறதுக்கு அப்ப யாருக்கும் தைரியம் இல்ல. அதனாலதான் நான் இன்னிக்கி ஒம்பக்கத்துல இல்ல. நாளக்கி இந்தப் புள்ள ஒனக்குப் பக்கத்துல வர ஏலாம நிக்கக்கூடாது. அதுக்குத்தாம்மா கேக்குறேன்."

மறுமுனையில் குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கிருஷாந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்த வாரமே போகிறோம் என்றாள்.

சொன்னபடி போனார்கள். ஐப்பசி முடியுமுன் தினேஸ் ஒரு படம் அனுப்பினான். பேத்தியின் பெயர் போட்ட பிரஜாவுரிமைச் சான்றிதழ். ஜெயராணி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், ரவிகுமாருக்குக் காட்டினாள், பாப்பம்மாவுக்குப் போன் போட்டு வாசித்தே காட்டினாள்.

ஜெயராணியுடைய சான்றிதழ் கார்த்திகையில் வந்தது. ஸமீம் சேர் பயந்ததுபோல் சிக்கல் ஒன்றும் வரவில்லை, நாள்தான் போனது. அதை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனாள். அதே கவுண்டரில் அதே பெண்பிள்ளை இருந்தாள். மேலே இருந்த கடதாசியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு முகம் ஞாபகம் இருந்தது. ரவிகுமாரின் திட்டம் அங்கேயே பிடிபட்டிருக்கும். இதை ஜெயராணி அவனிடம் பல தடவை சொல்லிக் காட்டினாள்.

புதுப் பாஸ்போட் கைக்கு வந்தது. பிறந்த இடம் மணப்பாறை என்று அச்சடித்திருந்தது. குட்செட்டுக்கு நடந்து வருவதற்குள் நாலு தடவை திறந்து பார்த்துவிட்டாள். விசாவும் டிக்கட்டும் வந்த பிறகு ஒரு நாள் ரவிகுமார் இரண்டு பிரஜாவுரிமைச் சான்றிதழ்களின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஐம்பது வருசம் இந்த மண்ணில் கிடந்தவளுக்குக் கார்த்திகை. மண்ணையே மிதிக்காத குஞ்சுக்கு ஐப்பசி. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வயசுக்கு நீ மூத்தவ, ஜெயா. நாட்டுக்கு ஒம்பேத்தி மூத்தவ."

ஜெயராணி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாசியில் தைத்த சின்னச் சட்டைகள் மேலே கிடந்தன. தினேஸ் அனுப்பிய படங்களில் குழந்தையின் கையைப் பார்த்தால் இவை ஒன்றும் இனி ஏறாது. ஒரு சட்டையை எடுத்து விரித்து, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிரித்துத் தைக்கவும் அதில் துணி மிச்சமில்லை. மடித்து, அம்மாவின் பெயர் போட்ட மணப்பாறைக் கடதாசியோடு சேர்த்து அலுமாரியில் வைத்துவிட்டு, புதுத் துணியை எடுத்து மெஷினில் உட்கார்ந்தாள்.

"பிளேனுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. இப்ப என்னா தையல்?" என்றான் ரவிகுமார்.

"மூத்தவுங்களப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகக்கூடாது," என்று சொல்லி ஊசியில் நூலைக் கோர்த்தாள்.